சீனச் சரித்திர நாடகங்களும் அயல்நாட்டாரும்

கதை கேட்டலில் மக்களுக்குள்ள வேட்கை தொன்றுதொட்டு வருவது. தன் நாட்டுக் கதையைத் தன் தாய்மொழியிற் கேட்டு ஒருவன் மகிழ்வானாயின், அதில் வியப்பொன்றும் இல்லை. தான் ஒருபோதும் கண்டிராத நாட்டின் பழைய அரசரையும் அமைச்சரையும் அவர்தம் பகையையும் பிரிவையும், தான் அறியாத மொழியிற் கேட்டு, ஐம்பது அறுபது இரவுகள் தொடர்ந்து விழித்திருந்து, அவர் துன்புறுங்கால் தானும் கண்ணீர் உகுப்பானாயின், அது வியத்தற்குரியதே. அத்தகைய வியப்பொன்று நம் காலத்தில் நிகழ்ந்து வருகின்றது. சீனநாட்டார் தம் பழைய வமிசங்களைக் களமாகக்கொண்டு எடுத்த தொலைக்காட்சி நாடகங்கள், சீனமொழியில் ஓரெழுத்தும் அறியாதார் இல்லங்களிலும் புகுந்து, நெடுநாட் பழகிய விருந்தினர்போல் அமர்ந்துவிட்டன. இதற்குக் காரணம் யாது என்பதுபற்றி எமக்குத் தோன்றிய சிலவற்றை இவண் கூற விரும்புகின்றோம்.

விடை எளிது என்பார் பலர். பட்டாடையும் பொன்னணியும் மாட மாளிகையும் குதிரைப்படையும் கண்ணைக் கவர்கின்றன. கண் சென்ற வழியே மனமும் செல்கின்றது என்பது அவர் கூற்று. இதில் உண்மை ஓரளவு உண்டு. செஜியாங் மாகாணத்து ஹெங்தியன் என்னும் ஊரில் 1996-ஆம் ஆண்டு முதல் வளர்ந்துவரும் படப்பிடிப்பு நகரத்தில், பெய்ஜிங் அரண்மனையின் பெரும்படி ஒன்றே எழுப்பப்பட்டிருக்கின்றது. 2018-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘யான்சி அரண்மனையின் கதை’ என்னும் நாடகத்தில் அரசமாதர் சூடிய பட்டிழை மலர்கள் நான்ஜிங் நகரத்தார் போற்றிவந்த பழைய கைத்தொழிலின் பயன். அம்மாதர் காதொன்றுக்கு மூன்று தோடு அணிந்தமை மஞ்சு இனத்தாரின் பழவழக்கம். இவற்றைக் காண்டல் இன்பமே. ஆயினும் ஆடையணியின் வியப்பு மூன்றாம் இரவிற்குமேல் நில்லாது. எழுபது பகுதிகள் கொண்ட நாடகத்தை எழுபதும் காண்பவன் ஆடையின் பொருட்டே காண்கின்றான் என்பது பொருந்துமோ? அதுவே அவன் வேண்டுவதாயின், சித்திரங்கள் நிறைந்த ஏடொன்றைப் புரட்டி அமைதி பெற்றுவிடுவானன்றோ?

நிற்க. இந்நாடகங்கள் எல்லை கடந்து சென்ற வரலாற்றைச் சிறிது நோக்குவாம். யுவான் சுவாங் என்னும் துறவியை நம் மாணவர் அறிவர். ஏழாம் நூற்றாண்டில் புத்தநூல் நாடிப் பாரதநாடு போந்து, நம் காஞ்சிமாநகரையும் கண்டு மீண்டவர் அவர். அவருடைய யாத்திரையைக் குரங்குவீரன் ஒருவனோடு பிணைத்துப் பிற்காலத்தார் புனைந்த ‘மேற்றிசை யாத்திரை’ என்னும் கதை, யாங் ஜியே என்னும் பெண்மணியின் இயக்கத்தில், 1986-ஆம் ஆண்டில் 25 பகுதிகள் கொண்ட தொலைக்காட்சி நாடகமாக வெளிவந்தது. அது சரித்திரத்தினும் புராணத்தையே மிகுதியும் சார்ந்ததாயினும், பழங்காலச் சீனத்தை அயலார் இல்லத்திற் கொண்டு சேர்த்தவற்றுள் முற்பட்டது. பொருளும் கருவியும் குன்றிய அக்காலத்தில், ஒரே படப்பிடிப்புக் கருவியைக்கொண்டு ஆண்டுகள் பல உழைத்து அதனை எடுத்தனர். அந்நாடகம் வியட்நாம் சென்று, கோடை விடுமுறைதோறும் அந்நாட்டுச் சிறார் விரும்பிக் காணும் காட்சியாயிற்று.

பின்னர் வந்தனவும் இவ்வாறே பரவின. 2011-ஆம் ஆண்டின் ‘ஜென் ஹுவான் கதை’ 76 பகுதிகள் உடையது; அஃது 2013-ஆம் ஆண்டில் ஜப்பானியத் தொலைக்காட்சியில் இடம்பெற்றது. 2015-ஆம் ஆண்டில் ‘லாங்யாப் பட்டியல்’ என்னும் நாடகம் 54 பகுதிகளாக வந்து, அவ்வாண்டிலேயே கொரிய நாட்டினரையும் எய்தியது. மேலே கூறிய ‘யான்சி அரண்மனையின் கதை’யோ, கூகிள் வாயிலாக உலகில் மிகுதியும் தேடப்பட்ட தொலைக்காட்சி நாடகம் என 2018-ஆம் ஆண்டின் இறுதியிற் பேசப்பட்டது. கூகிள் சீனப் பெருநிலத்தில் தடுக்கப்பட்டிருத்தலின், அங்ஙனம் தேடியவருள் மிகப்பலர் அந்நிலத்திற்குப் புறத்தே வாழ்வோர் என்பது தானே பெறப்படும்.

இவற்றை ஒருங்கு வைத்து நோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். இந்நாடகங்களுள் ஒன்றேனும் அயலாரை முன்னிட்டுச் சமைக்கப்பட்டதன்று. வீட்டார்க்கென்று ஆக்கிய உணவை வழிப்போக்கர் உண்டு சுவைகண்ட கதையே இது. அயலார்க்கென்றே ஆக்கியதும் ஒன்று உண்டு. 2016-ஆம் ஆண்டில், ஜாங் யீமோ என்னும் பேரியக்குநர், அமெரிக்க நடிகர் மாட் டேமன் என்பாரைத் தலைமகனாக அமைத்து, ஏறத்தாழ 15 கோடி டாலர் செலவில், பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே ‘பெருஞ்சுவர்’ என்னும் திரைப்படத்தை எடுத்தார். உலகத்தாரெல்லாம் உவப்பர் என்று கருதிப் பூதங்களையும் போர்களையும் அதில் நிரப்பினர். அமெரிக்க மக்கள் அதனைப் பொருட்படுத்திலர், பொருளிழப்பே விளைந்தது. அதே காலத்தில், ஒருவர் நாற்காலியில் அமர்ந்து தேநீர்க் கிண்ணத்தை வைக்கும் முறையிலேயே பகையும் நட்பும் காட்டும் நெடிய நாடகங்களை அயல்நாட்டார் தாமே தேடிச் சென்று கண்டனர். ஆகவே, அயலாரைக் கவர்வது அயலார்க்கென்று எளிதாக்கியது அன்று. தன் மண்ணில் வேரூன்றித் தன் முறையிற் பேசுவதே அவரைக் கவர்கின்றது என்பது எமது துணிபு. இதனை இரண்டு மூன்று நாடகங்களைக்கொண்டு விளக்குவாம்.

முதற்கண் ‘ஜென் ஹுவான் கதை’யை எடுத்துக்கொள்வாம். லியூ லியன்ஸி என்னும் எழுத்தாளர் இணையத்தில் எழுதிய புதினமே இதன் மூலம். புதினத்தில் வமிசம் கற்பனையாகவே இருந்தது. இயக்குநர் ஜெங் சியாவ்லோங் அதனைச் சிங் வமிசத்து யுங்செங் சக்கரவர்த்தியின் காலத்தில், அஃதாவது 1722 முதல் 1735 வரையுள்ள ஆண்டுகளில், நிறுத்தினார். சுன் லீ என்னும் நடிகையார் தலைவியாக நடித்தார். நற்குடிப் பெண்ணொருத்தி விருப்பமின்றியே அந்தப்புரம் புகுகின்றாள். அரசன் அன்பைப் பெற்று மகிழ்கின்றாள். அவ்வன்பு தன்பொருட்டு வந்ததன்று, இறந்துபட்ட முதல் அரசியின் சாயல் தன்னிடம் இருந்ததன்பொருட்டே வந்தது என்பதைப் பின்னர் அறிகின்றாள். அறிந்த அன்றே அவளுடைய இளமை முடிந்துவிடுகின்றது. ஈற்றில் அரசன் அன்னை என்னும் உயர்நிலையை அவள் அடையுங்கால், அதனைக் கண்டு மகிழ்தற்கு அவள் நேசித்தவருள் பெரும்பாலார் உயிரோடில்லை.

இந்நாடகம் காண்பவனிடத்துப் பெரிய உழைப்பை வேண்டுகின்றது. சிங் வமிசத்து அந்தப்புர மாதர்க்கு அரசி முதலாக எட்டுப் படிகள் உண்டு. தலைவி கீழ்ப்படிகளுள் ஒன்றிலே தொடங்கிப் படிப்படியாக ஏறுகின்றாள். யார் யாரை முதலில் வணங்குதல் வேண்டும், யார் எவ்விடத்தில் அமர்தல் வேண்டும் என்பன எல்லாம் அப்படிகளைப் பொறுத்தவை. தன்னைத் தான் எச்சொல்லாற் சுட்டுவது என்பதும் கேட்பவர் தகுதிக்கேற்ப வேறுபடும். ‘அடியேன்’ என்பதற்கும் ‘யான்’ என்பதற்கும் ‘யாம்’ என்பதற்கும் உள்ள வேற்றுமையை உணர்ந்த தமிழர்க்கு இது விளங்காமற் போகாது. ஆங்கிலம் ஒன்றே பேசுவார்க்கு இது புதிய பாடம். மற்றும், அந்நாடகத்தில் வரும் கொடுந்தண்டனை ஒன்றின் பெயர் கேட்பார்க்குச் செடியொன்றன் பூப்பெயராகத் தோன்றும். இனிய பெயரின் கீழ்க் கொடிய செயல் மறைந்திருத்தலே அவ்வரண்மனையின் இயல்பு என்பதை அவ்வொரு சொல்லே உணர்த்திவிடுகின்றது. இவற்றையெல்லாம் கற்றுக்கொள்ளும் வரையில் காண்பவன், புதிதாக அரண்மனை புகுந்த அப்பெண்ணைப் போன்றே தடுமாறுகின்றான். அவள் கற்கக் கற்கத் தானும் கற்கின்றான். அவளும் அவனும் ஒரே பள்ளியின் மாணாக்கர் ஆகின்றனர். அறியாமையே அயலானை அவளுக்கு அணுக்கனாக்குகின்றது என்றல் மிகையன்று.

இவ்வுண்மையை மறந்ததனால் நேர்ந்த பிழையொன்றை ஈண்டுக் குறித்தல் தகும். 2015-ஆம் ஆண்டில் அமெரிக்கர் பொருட்டு இந்நாடகம் சுருக்கப்பட்டு, ஒன்றரை மணி நேரங்கொண்ட ஆறு பகுதிகளாக நெட்ஃபிளிக்ஸ் நிறுவனத்தின் வாயிலாக வெளியிடப்பட்டது. ஐம்பது மணி நேரத்திற்கும் மேற்பட்டதை ஒன்பது மணி நேரத்தில் அடக்கினர். நோக்கம் நல்லதே, அமெரிக்கர் அவ்வளவு பொறுமையுடையரல்லர் என்று எண்ணினர் போலும். ஆனால், அச்சுருக்கத்தில் நிகழ்ச்சிகள் எஞ்சின, காலம் எஞ்சவில்லை. ஒருத்தி பல்லாண்டுகளாகச் சிறிது சிறிதாகக் கல்லாகி உறைவதைக் காட்டுதற்குக் காலம் வேண்டும். அக்காலத்தை நீக்கிவிடின், துன்பத்தாற் சூழ்ச்சி கற்றவள், பிறவியிலேயே சூழ்ச்சிக்காரியாகத் தோன்றுவள். மரத்தின் இலையையெல்லாம் உதிர்த்து, ‘நிழல் எங்கே?’ என்று வினவுதல் போன்றது இது.

இனி ‘லாங்யாப் பட்டியலை’ நோக்குவாம். இதில் வரும் லியாங் அரசு, சரித்திரத்தில் அப்பெயருடன் இருந்த அரசினை ஒத்ததாயினும், கற்பனையே. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், எழுபதினாயிரம் வீரரைக் கொண்ட படையொன்று இராஜத்துரோகம் என்னும் பொய்ப்பழியால் அழிக்கப்பட்டது. அதன் இளந்தலைவன் லின் ஷூ என்பான் உயிர் பிழைத்து, முகமும் உடலும் வேறுபட்டு, நோயாளியாய், மெய் சாங்சூ என்னும் மாற்றுப்பெயருடன் தலைநகர் திரும்புகின்றான். அவனுடைய உயிர்த்தோழனாகிய ஜிங் இளவரசனோ, நண்பன் இறந்துபட்டான் என்றே நம்பியிருக்கின்றான். எதிரில் நிற்பவனை அறியான். அறிவிற் சிறந்த சூழ்ச்சிக்காரன் என்று எண்ணி ஓரளவு வெறுக்கவும் செய்கின்றான்.

ஒருநாள் இளவரசனுடைய மனையில் வைக்கப்பட்டிருக்கும் செந்நிற வில்லொன்றைக் கண்ட மெய் சாங்சூவின் கை, தன்னை மறந்து அதனை நோக்கி நீள்கின்றது. உடனே இளவரசன் தடுக்கின்றான். அவ்வில் இறந்த நண்பனுடையது என்றும், அந்நண்பன் தன் பொருளைப் பிறர் தொடுதலை விரும்பான் என்றும் கூறுகின்றான். தன் வில்லைத் தானே தொடலாகாதென்று, தன்னை மறவாத தோழனின் வாயாலேயே கேட்டவன், நீட்டிய கையை வாங்கிக்கொள்கின்றான். அவ்வளவே காட்சி. அழுகையில்லை, ஆர்ப்பாட்டமில்லை, உண்மை வெளிப்படவுமில்லை. ஆயினும் இக்காட்சியைக் கண்டார் எந்நாட்டவராயினும் எளிதில் மறவார். இளவரசன் காட்டிய கடுமையே அவன் அன்பின் அளவு என்பதையும், மற்றவன் காத்த மௌனமே அவன் தியாகத்தின் அளவு என்பதையும் எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

இந்நாடகத்தின் முடிவும் கருதத்தக்கது. தலைவன் அரியணையை நாடினானல்லன். பழைய வழக்கு மீண்டும் விசாரிக்கப்பட்டு, மாண்ட வீரரின் மீதுள்ள பழி நீங்குதலையே நாடினான். அரசனுடைய பிறந்தநாட் பேரவையில், அரசகுலத்து மூதாட்டி ஒருத்தி, தன் கணவன் செய்த குற்றத்தைத் தானே எடுத்துரைத்து நீதி வேண்டி நிற்கின்றாள். அவையோர் ஒருவர்பின் ஒருவராக முன்வந்து அவள் வேண்டுகோளை ஆதரிக்கின்றனர். இறந்தார்க்கு உயிர் திரும்பாது; பெயராவது திரும்புதல் வேண்டும் என்னும் இவ்வேட்கை எந்நாட்டார்க்கும் உரியது. அநீதியாற் பெயரிழந்தோர் எந்நாட்டிலும் உளர். சினத்தாற் பழிவாங்கும் கதைகள் உலகில் மலிந்துள்ளன. ஆவணத்தைத் திருத்துதலே வெற்றியெனக் கொள்ளும் கதைகள் சிலவே. சரித்திரம் எழுதுவதை அரசின் பெருங்கடமையாக மதித்துவந்த சீனநாட்டின் மண்ணில் இத்தகைய கதை முளைத்தது தற்செயலன்று.

மூன்றாவதாக, 2019-ஆம் ஆண்டில் 48 பகுதிகளாக வந்த ‘சாங்ஆனின் மிக நீண்ட நாள்’ என்பதைக் கூறுவாம். மா போயோங் எழுதிய புதினத்தைத் தழுவியது அது. தாங் வமிசத்தின் தலைநகரும், இப்போது சியான் என வழங்குவதுமாகிய சாங்ஆன் நகரில், 744-ஆம் ஆண்டு விளக்கு விழாவின்போது, ஒரே பகலிலும் ஓரிரவிலும் நிகழும் கதை அது. மரணதண்டனை பெற்ற சிறையாளி ஒருவன், நகரத்தை அழிக்க வந்த பகைவரைப் பிடிக்குமாறு ஒருநாள் மட்டும் விடுவிக்கப்படுகின்றான். அந்நாட்டார் ஒருநாளைப் பன்னிரண்டு பொழுதுகளாகப் பகுத்தனர். ஒவ்வொன்றும் நம் முன்னோர் கணக்கில் ஐந்து நாழிகை. நகரமோ நூற்றுக்கு மேற்பட்ட மதில்சூழ் வட்டங்களாகப் பிரிந்தது. ஏனைய நாட்களில் மாலைமுரசு முழங்கியபின் வட்டங்களின் வாயில்கள் அடைக்கப்படும். இவற்றை அறியாதான் கதையின் விரைவை உணரமாட்டான். அயல்நாட்டு நேயர் பலர் இவற்றை வருந்திக் கற்றனர். சிவந்து கனிந்த சீமைப் பனிச்சைப் பழத்துள் குழலைச் செருகி உறிஞ்சும் சிறு காட்சியொன்று அந்நாடகத்தில் உண்டு. உயிர் ஒருநாளில் முடியுமென்று அறிந்தவன் நகரத்தின் சிறு சுவைகளையும் விடாது துய்க்கின்றான். எத்தகைய மக்களுடைய வாழ்வைக் காத்தற்கு அவன் போராடுகின்றான் என்பதை அச்சிறு சுவைகளே விளக்குகின்றன.

இங்ஙனம் வேரூன்றிய நாடகம், மொழியறியாதாரிடத்து எவ்வாறு சென்று சேர்ந்தது? இதற்கு விடையாக, பெரும்பாலும் புகழப்படாத ஒரு கூட்டத்தாரை ஈண்டு நினைத்தல் கடமையாம். திரையின் அடியில் சப்டைட்டில் என்னும் மொழிபெயர்ப்பு எழுத்துக்களை ஊதியமின்றி அமைத்த ஆர்வலரே அவர். 2007-ஆம் ஆண்டிற் றோன்றி, 2013-ஆம் ஆண்டில் ஜப்பானிய நிறுவனமாகிய ராக்குட்டென் வாங்கிய விக்கி என்னும் இணையத்தளம் இவர்தம் உழைப்பினாலேயே வளர்ந்தது. ஒருவர் உரையாடலைத் துண்டுதுண்டாக அளந்து பிரிப்பர். மற்றொருவர் ஆங்கிலத்திற் பெயர்ப்பர். வேறொருவர் அதனைத் திருத்துவர். பின்னர் ஆங்கிலத்தினின்றும் ஸ்பானியம், போர்த்துகேயம், அரபி முதலிய மொழிகளில் பிறர் ஆக்குவர். பெயர்க்கவியலாத சொல் வந்துழி அதனை விலக்காது அடைப்புக்குறியுள் விளக்கம் வரைந்து வைப்பாரும் உண்டு. காண்பவன் கற்கமாட்டான் என்று வணிகர் எண்ணினர். கற்பான் என்று இவ்வார்வலர் நம்பினர். வென்றது இவர் நம்பிக்கையே.

இனி, மறுப்பாக எழும் கருத்துக்களையும் மறையாது கூறுதல் நேர்மையாம். இந்நாடகங்கள் முடியாட்சியின் கொடுமையை மறைத்து, அரசரை அளவிற்கு மிஞ்சிப் போற்றுகின்றன என்பது முதல் மறுப்பு. 2019-ஆம் ஆண்டு ஜனவரியில், பெய்ஜிங்கில் அரசுசார்ந்த பத்திரிகையொன்று, அரண்மனை நாடகங்கள் ஆடம்பரத்தையும் சூழ்ச்சியையும் வளர்க்கின்றன என்று கடிந்து எழுதிற்று. அதன்பின் ‘யான்சி அரண்மனையின் கதை’ முதலியவற்றைச் சில தொலைக்காட்சி நிலையங்கள் தம் நிகழ்ச்சி நிரலினின்றும் நீக்கின. இரண்டாம் மறுப்பு, இவை சரித்திரத்தைத் திரிக்கின்றன என்பது.

இவ்விரண்டும் அடிப்படையற்றன என்று யாம் கூறோம். சியன்லோங் சக்கரவர்த்தி பல நாடகங்களில் காதலனாகவும் இரசிகனாகவும் தோன்றுகின்றார். அவர் 1773-ஆம் ஆண்டில் தொடங்குவித்த பெரும் நூற்றொகுப்பின்போதே, தம் வமிசத்திற்கு மாறானவை என்று கருதப்பட்ட ஆயிரக்கணக்கான நூல்கள் தேடி அழிக்கப்பட்டமையும் தடுக்கப்பட்டமையும், எழுதியோரும் அவர் குடும்பத்தாரும் தண்டிக்கப்பட்டமையும் அந்தப்புர நாடகங்களில் அரிதாகவே இடம்பெறும். அந்தப்புரத்தின் பட்டாடை தெரிகின்றது. எரிந்த ஏட்டின் சாம்பல் தெரிவதில்லை. இக்குறையை நாடகத்தின் மீதுள்ள அன்பினால் மூடிமறைத்தல் அறமாகாது.

சரித்திரத் திரிபிற்கோ 2018-ஆம் ஆண்டே தக்க சான்று தந்தது. சியன்லோங் சக்கரவர்த்தியின் இரண்டாம் அரசி நாரா குலத்தவள். 1765-ஆம் ஆண்டில் சக்கரவர்த்தியுடன் தென்றிசை சென்றிருந்தபோது அவள் தன் கூந்தலைக் கொய்துகொண்டாள் என்பர். மஞ்சு மரபில் அஃது இறந்தார்க்குரிய துக்கக்குறி. அவள் தலைநகர்க்குத் திருப்பி அனுப்பப்பட்டு, அடுத்த ஆண்டில் இறந்தாள். அரசிக்குரிய சிறப்புடன் அடக்கம் செய்யப்படவுமில்லை. நிகழ்ந்ததன் காரணத்தை அரசாங்க ஏடுகள் தெளிவுற உரைக்கவில்லை. அவ்வொரே ஆண்டில் வெளிவந்த இரு நாடகங்களுள், ‘யான்சி அரண்மனையின் கதை’ அவளைக் கொடியவளாக்கிற்று. 87 பகுதிகள் கொண்ட ‘ரூயீ’யின் கதையோ அவளையே உத்தமத் தலைவியாக்கிற்று. இறந்த ஒருத்தியின் மௌனத்தை இருவர் இருவகையாக நிரப்பினர். இவ்விரண்டையும் கண்ட அயல்நாட்டான், ‘மெய்யாக நிகழ்ந்தது யாது?’ என்று வினவாதிருக்க இயலுமோ? அவ்வினா எழுந்த கணமே அவன் சரித்திரத்தின் வாயிலில் நிற்கின்றான். எத்தனையோ பாடப்புத்தகங்கள் எழுப்பாத வினாவை இரண்டு நாடகங்களின் முரண்பாடு எழுப்பிவிட்டது.

ஆகவே, நோயுண்டு என்பதை யாம் மறுத்திலோம். கூறப்படும் மருந்தையே மறுக்கின்றோம். நாடகத்தை நிகழ்ச்சி நிரலினின்றும் நீக்குவாரும், அயலார்க்கென்று அதனை வெட்டிச் சுருக்குவாரும் வெவ்வேறு திசையினின்று வருபவர் எனினும், ஓரிடத்தில் ஒன்றுபடுகின்றனர். காண்பவன் தானே ஆராய்ந்து தெளியும் ஆற்றலற்றவன் என்பதே இருவரும் கொண்ட எண்ணம். ஒருவர் அவன் கெட்டுப்போவான் என்று அஞ்சுகின்றனர். மற்றவர் அவன் களைத்துப்போவான் என்று அஞ்சுகின்றனர். பன்னாட்டு மக்களின் அநுபவமோ இருவர் அச்சத்தையும் பொய்ப்பித்துவிட்டது.

இஃது உண்மையாயினும், நீளமனைத்தும் சிறப்பு என்று கொள்ளுதல் கூடாது. பகுதி ஒன்றுக்கு இவ்வளவு விலை என்று விற்கும் வணிகமுறையால், வெறுங்காற்றை நிரப்பி நீட்டிய நாடகங்களும் பல வந்தன. 2020-ஆம் ஆண்டு பிப்ரவரியில் சீன அரசின் ஒளிபரப்புத் துறை, தொடர்நாடகம் நாற்பது பகுதிகளுக்கு மேற்படலாகாதென்றும் முப்பதிற்குள் அமைதல் நன்றென்றும் அறிவித்தது. வீணான நீட்சியைத் தடுப்பதாயின் அது நன்றே. எனினும் கதைக்குக் கதை அளவு வேறுபடும். ‘ஜென் ஹுவா’னுக்கு வேண்டிய காலம் வேறு, சாங்ஆனின் ஒருநாளுக்கு வேண்டியது வேறு. அளவுகோல் ஒன்றே கொண்டு எல்லாக் கதைகளையும் அளப்பின், நல்லதும் தீயதும் ஒருங்கே குறைபடும்.

நம் மாணவ நண்பர்களுக்கு இதனின்றும் பெறத்தக்க பயன் இரண்டு உள. முதலாவது, காண்பவன் கடமை. அயல்நாட்டு நாடகமொன்று மனத்தைக் கவர்ந்ததாயின், அதனோடு நின்றுவிடாது, அவ்வரசன் யார், அக்காலம் எத்தகையது, நாடகம் காட்டாது விட்டது யாது என்று நூலகம் சென்று நாடுதல் வேண்டும். நாடகம் வாயில், வீடு அதற்கு அப்பாலுள்ளது. வாயிலின் ஓவியத்தையே கண்டு திரும்புவோன் வீட்டை அறிந்தவனாகான். இரண்டாவது, படைப்பவன் கடமை. உலகத்தார் விரும்புவர் என்று எண்ணித் தன் மொழியின் நுட்பத்தையும் தன் மக்களின் வழக்கத்தையும் தேய்த்து மழுக்கிவிடுவோன், தன்னவர்க்கும் அயலானாகின்றான்; அயலார்க்கும் பயன்படுகின்றானில்லை. தன்னவர்க்கு உண்மையாக உரைப்பதனை முழுமையாக உரைப்பானாயின், அதனைச் சுமந்து செல்ல ஊதியம் வேண்டாத நண்பர் உலகின் மூலைமுடுக்குகளினின்றும் எழுவர்.

அயல்நாட்டார் இந்நாடகங்களை விரும்பியதற்கு, மனித உள்ளம் எங்கும் ஒன்றே என்னும் பொதுவுரை முழுவிடையாகாது. உள்ளம் ஒன்றாயினும் அது வெளிப்படும் வழக்கங்கள் பலவாம். அவ்வழக்கங்களைக் கற்கும் உழைப்பினூடேதான் அயலான் உறவினனாகின்றான். உழைப்பின்றிக் கிடைத்த உறவு நெடுநாள் நில்லாது. செந்நிற வில்லை நோக்கி நீண்டு மீண்ட அக்கையின் பொருளை உணர்தற்கு, அதற்குமுன் பல பகுதிகளைப் பொறுமையுடன் கண்டிருத்தல் வேண்டும். அப்பொறுமையை உலகத்தார் மகிழ்வுடன் தந்தனர். அவர் தாரார் என்று எண்ணிக் கத்தரிக்கோலை எடுப்பார், எத்திசையினராயினும், அதனைக் கீழே வைத்துவிடுதலே தக்கது என்பது எமது கருத்து.